‘ஏ’யா, ‘ஐ’யா? ஆங்கிலச் சொல்லின் வாலில் இடறும் கதை

ஐந்நூறு நோட்டீஸ். உப்புவெளியில் திமிங்கிலம் காட்டக் கடலுக்குக் கூட்டிப்போகும் ஒரு அண்ணனுக்கு நான் அடித்துக் கொடுத்தவை. மேலே நீல நிறத்தில், பெரிய எழுத்தில், ‘மறக்க முடியாத பயணம்’ என்பதை ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். அந்த ‘அன்ஃபர்கெட்டபிள்’ என்ற சொல்லின் கடைசியில் ஏ-பீ-எல்-ஈ வரவேண்டும், நான் போட்டது ஐ-பீ-எல்-ஈ. அண்ணன் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, பக்கத்து ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர்தான் சிரித்துக்கொண்டே விரலை வைத்துக் காட்டினாராம். திரும்ப அடித்த காசு என் பையிலிருந்து போனது. பிழை என்னுடையது, வேறு யாரைச் சொல்ல?

திருகோணமலையில் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துப் பக்கம் போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. வேலைக்கு விண்ணப்பம், சுயவிபரம், வெளிநாட்டு விசாவுக்குக் கடிதம், கடைக்குப் பெயர்ப்பலகை என்று நாள் முழுக்க ஆங்கிலச் சொற்கள் கைக்குள்ளால் போகின்றன. நீளமான சொல்லின் தலையில் யாரும் பிழை விடுவதில்லை, நடுவிலும் அவ்வளவாக இல்லை, எல்லாரும் இடறுவது வாலில்தான். “தம்பி, இதில வாறது ஏயா, ஐயா?” என்று ஒரு அக்கா கேட்டால், என்னைத்தான் ஐயா என்கிறாரோ என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பேன். அந்த நோட்டீஸ் சம்பவத்துக்குப் பிறகு, இந்த வால் பிரச்சினைக்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். இருக்கிறது, முழுக்க இல்லை, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

ஒரு சின்ன ஒப்பந்தம்: ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தை ஏ என்றும், ஐந்தாவதை ஈ என்றும், ஒன்பதாவதை ஐ என்றும் எழுதுகிறேன். ஏ-வால், ஈ-வால், ஐ-வால் என்று சொன்னால் பின்னொட்டு அந்த எழுத்தில் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காது ஏன் உதவுவதில்லை என்று பார்த்துவிடுவோம். ‘இன்சூரன்ஸ்’, ‘கொன்ஃபரன்ஸ்’. தமிழில் எழுதினால் இரண்டும் ‘ரன்ஸ்’ என்றுதான் முடிகின்றன, ஆனால் ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஏ-வால், இரண்டாவதற்கு ஈ-வால். நம் உச்சரிப்புச் சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன்காரர் சொன்னாலும் அந்த இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஏதாவது ஒரு அசையை அழுத்திச் சொல்வார்கள், அழுத்தம் விழாத அசைகளில் இருக்கும் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். எழுத்து ஏயோ, ஈயோ, ஓவோ, வாயில் வருவது ஒரு மங்கலான ‘அ’ மட்டும்தான். மொழியியலாளர்கள் அதற்கு ‘ஷ்வா’ என்று ஹீப்ரு மொழியிலிருந்து ஒரு பெயர் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. ‘நாக்கு’, ‘காடு’ என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறதா? இல்லையே. ஒரு மாத்திரை ஒலிக்கவேண்டியது அரை மாத்திரையாகக் குறைகிறது, குற்றியலுகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எழுதுவது முழு உகரம், சொல்வது அதன் மிச்சம். வித்தியாசம் என்னவென்றால், நம்மிடம் குறுகியது எந்த எழுத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்திலோ எல்லா உயிர்களும் குறுகி ஒரே குரலாகிவிடுகின்றன, பிறகு யார் யார் என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே பெரும்பாலும் அதுதான்: சொல் வாய் திறக்காவிட்டால் அதன் சொந்தக்காரரிடம், அதாவது அதே வேரில் பிறந்த உறவுச் சொல்லிடம் கேளுங்கள். ‘பிரெசிடென்ட்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது கடைசியில் இருப்பது ஏயா ஈயா என்று கேட்காது, ஆனால் ‘பிரெசிடென்ஷியல்’ என்று சொன்னதும் அழுத்தம் நகர்ந்து ‘டென்’ மேலே வந்து விழுகிறது, ஈ தெளிவாகக் கேட்கிறது. ‘டொமினன்ட்’ ஊமை, ‘டொமினேஷன்’ ஏ என்று கத்துகிறது. ‘எடிட்டர்’ முடிவது ஈயிலா ஓவிலா என்று சந்தேகம் வந்தால் ‘எடிட்டோரியல்’ ஓ என்று சொல்லிவிடும். ‘கிராமர்’ என்பதை ஈ போட்டு எழுதுகிறவர்கள் இலக்கணப் புத்தக அட்டையிலேயே பிழை விடுகிறார்கள், ‘கிரமற்றிக்கல்’ என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தால் அங்கே இருப்பது ஏ என்று விளங்கும்.

சரி, என் காசைத் தின்ற ஏ-வால், ஐ-வாலுக்கு வருவோம்.

இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. லத்தீன் வினைச்சொற்கள் வகுப்பு வகுப்பாகப் பிரிந்திருந்தன. ‘போர்த்தாரே’ (சுமத்தல்) மாதிரி ‘ஆரே’ என்று முடிகிற வினைகள் ‘ஆபிலிஸ்’ என்ற வாலை எடுத்தன, ‘அவுதீரே’ (கேட்டல்), ‘வீதேரே’ (பார்த்தல்) மாதிரியான மற்ற வினைகள் ‘இபிலிஸ்’ என்ற வாலை எடுத்தன. அதனால்தான் இன்றைக்கும் ‘போர்ட்டபிள்’ ஏ-வால், ‘ஓடிபிள்’, ‘விசிபிள்’ இரண்டும் ஐ-வால். லத்தீன் பேசியவனுக்கு இது கஷ்டமே இல்லை, நமக்கு ‘நடந்தான்’, ‘படித்தான்’ என்று தானாக வருகிற மாதிரி வந்திருக்கும். 1066-இல் நோர்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக இந்தச் சொற்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன, வந்த இடத்தில் ஏ-வால் உயிர் பெற்றது, ஐ-வால் அப்படியே உறைந்துபோனது.

உயிர் பெற்றது என்றால், இங்கிலீஷ்காரர் தங்கள் சொந்தச் சொற்களிலும் ஏ-வாலை ஒட்டத் தொடங்கினார்கள். ‘ஈட்டபிள்’, ‘எடிபிள்’ என்ற சோடியைப் பாருங்கள், இரண்டுக்கும் தின்னக்கூடியது என்றுதான் பொருள். முதலாவது சொந்த வினையோடு ஒட்டியது, அதற்கு ஏ. இரண்டாவது லத்தீனிலிருந்து முழுதாக இறக்குமதி, அதற்கு ஐ. ‘ரீடபிள்’, ‘லெஜிபிள்’ சோடியும் இதே கதைதான். இன்றைக்குப் புதிதாக உருவாகும் எந்தச் சொல்லுக்கும், ‘டவுன்லோடபிள்’, ‘கிளிக்கபிள்’ என்று எது வந்தாலும், ஏ-வால்தான் ஒட்டும். ஐ-வால் கூட்டத்துக்கு இனிப் புதுப் பிள்ளைகள் அநேகமாகப் பிறக்கப் போவதில்லை.

இதிலிருந்து முதல் சோதனை தானாக வருகிறது: வாலை வெட்டிவிட்டுப் பாருங்கள், மிச்சம் ஒரு முழு ஆங்கிலச் சொல்லாக நின்றால் பெரும்பாலும் ஏ. ‘ஃபர்கெட்’ தனியாக நிற்கும், அப்படியென்றால் ஏ. (இதைத் தெரிந்துகொள்ள ஐந்நூறு நோட்டீஸ் செலவாகியிருக்க வேண்டாம்.) ‘பொசிபிள்’, ‘ஹொரிபிள்’, ‘டெரிபிள்’ ஆகியவற்றின் வாலை வெட்டினால் மிஞ்சுவது ஒன்றுக்கும் உதவாத துண்டு, அதனால் ஐ.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். ‘அக்சசிபிள்’ என்பதில் வாலை வெட்டினாலும் ‘அக்சஸ்’ என்று முழுச் சொல் நிற்கிறது, ஆனாலும் ஐ. மறுபக்கம் ‘புரொபபிள்’ வெட்டினால் துண்டுதான், ஆனாலும் ஏ. இந்த இடத்தில்தான் சொந்தக்காரர் திரும்ப வருகிறார். அந்தச் சொல்லுக்கு ‘ஏஷன்’ என்று முடிகிற உறவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏ. எல்லாப் படிவத்திலும் ‘நொட் அப்ளிகபிள்’ என்று எழுதுகிறோமே, அதற்கு ‘அப்ளிகேஷன்’ உறவு, ஆகவே ஏ. ‘இமேஜினபிள்’ என்பதற்கு ‘இமேஜினேஷன்’. ‘போர்ட்டபிள்’ என்பதற்குத் தூரத்து உறவு ‘ட்ரான்ஸ்போர்டேஷன்’. ஏஷன் இல்லாமல் வெறும் ஷன் என்று முடிந்தால் ஐ பக்கம் சாயும்: ‘பெர்மிஷன்’ இருப்பதால் ‘பெர்மிசிபிள்’, ‘டைஜெஸ்ஷன்’ இருப்பதால் ‘டைஜெஸ்டிபிள்’. இதுவும் எப்போதும் கைகொடுக்காது, ‘பிரெடிக்ஷன்’ இருந்தும் ‘பிரெடிக்டபிள்’ ஏயோடுதான் நிற்கிறது, முழுச் சொல் சோதனை அங்கே வென்றுவிட்டது. இரண்டு சோதனையும் ஒரே பக்கம் கை காட்டினால் பெரும்பாலும் பயமில்லாமல் எழுதலாம், சண்டை பிடித்தால் அகராதியைத் திறங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, இது தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு இரண்டு மடங்கு சுகமானது, ஏன் இதை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம். ஆங்கிலத்தில் சீ, ஜீ என்ற இரண்டு எழுத்துகளுக்கும் இரண்டு குணம். பின்னால் ஏ, ஓ, யூ வந்தால் வல்லினமாக, நம் ககரம் போல ஒலிக்கும், பின்னால் ஈயோ ஐயோ வந்தால் பெரும்பாலும் இளகி ச, ஜ என்று ஆகிவிடும். அப்படியென்றால் சந்தேகமான சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். வாலுக்கு முன்னால் ‘க’ வந்தால் அங்கே ஏதான் இருக்கமுடியும், ஈயோ ஐயோ இருந்திருந்தால் அது ‘க’வாக ஒலித்திருக்காது. ‘எலிகன்ஸ்’, க, ஆகவே ஏ. ‘இன்டெலிஜன்ஸ்’, ஜ, ஆகவே ஈ. ‘சிக்னிஃபிகன்ஸ்’ ஏ, ‘இனொசன்ஸ்’ ஈ. வாலுக்கு முன் ஜகரம் வருகிற ‘லெஜிபிள்’, ‘எலிஜிபிள்’, ‘நெக்லிஜிபிள்’ மூன்றும் ஐ. கப்பல் ஓடக்கூடிய நீர் என்பதற்கு ‘நேவிகபிள்’ என்பார்கள், நம் துறைமுகத்தைப் பற்றி எந்த ஆங்கிலப் புத்தகத்தில் படித்தாலும் எதிர்ப்படுகிற சொல், ககரம் இருக்கிறது, ஏ. அதற்கு ‘நேவிகேஷன்’ உறவும் இருக்கிறது, இரட்டைச் சாட்சி.

ச, ஜ ஒலியோடு ஏ-வால் வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? நடுவில் ஒரு ஈயைக் காவலுக்கு நிறுத்துவார்கள். ‘சேஞ்ச்’ என்பதோடு ஏ-வால் ஒட்டும்போது அந்தக் கடைசி ஈ போகாமல் நிற்பது அதற்குத்தான், ‘நோட்டிசபிள்’ என்பதிலும் அப்படித்தான். அந்த ஈயை எடுத்துவிட்டால் ‘சேங்கபிள்’ என்று வாசிக்க வேண்டிவரும். பழிவாங்கல் என்று பொருள்படும் ‘வெஞ்ஜன்ஸ்’ என்பதில் ஈயும் ஏயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும் இதே காவல்தான்.

இப்போது ‘அன்ஸ்’ என்று முடிகிற கூட்டம். இதுதான் கொஞ்சம் கொடுமையான கூட்டம்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ‘ஃபர்’ என்று முடியும் வினைகள் பெரும்பாலும் ஈ-வாலுக்குப் போகின்றன: ரெஃபரன்ஸ், பிரிஃபரன்ஸ், கொன்ஃபரன்ஸ். வினை ‘யூ-ஆர்-ஈ’ என்று முடிந்தால் ஏ, அதனால் இன்சூரன்ஸ். வினை ‘வை’ எழுத்தில் முடிந்தால் ஏ, ‘ரிலையன்ஸ்’ போல. அப்புறம் உறவுச் சோதனை இங்கேயும் அழகாக வேலை செய்கிறது. கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் கேட்டு எழுதும்போது ‘ரெசிடன்ஸ்’ என்ற சொல்லில் தடுமாறுகிறவர்களிடம், ‘ரெசிடென்ஷியல்’ என்று சொல்லிப் பாருங்கள் அக்கா என்பேன், டென், ஈ. ‘கொன்ஃபிடென்ஷியல்’ என்ற முத்திரையை எல்லாரும் பார்த்திருப்பார்கள், அதனால் ‘கொன்ஃபிடன்ஸ்’ ஈ. எதிர்ப்பக்கம் ‘சப்ஸ்டான்ஷியல்’ என்பதில் ஏ கேட்கிறது, ‘சப்ஸ்டன்ஸ்’ ஏ.

கெட்ட செய்தி ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களிடம் இருக்கிறது. அசிஸ்ட், ரெசிஸ்ட், எக்சிஸ்ட், பெர்சிஸ்ட், இன்சிஸ்ட். எல்லாருக்கும் தாய் ‘சிஸ்தெரே’ என்ற ஒரே லத்தீன் வினை. ஆனால் வால் ஒட்டும்போது முதல் இரண்டும் ஏ, பின் மூன்றும் ஈ. காரணம் பிரெஞ்சு. பழைய பிரெஞ்சுக்காரர்கள் லத்தீனின் ஏ, ஈ வேறுபாட்டைப் பேச்சில் தட்டி நிரவி எல்லாவற்றையும் ஏ ஆக்கிவிட்டார்கள். அவர்களுடைய பேச்சு வழியாக வந்தவை ஏயோடு வந்தன. லத்தீன் எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் எடுத்துவந்தவை, அல்லது பிறகு லத்தீனைப் பார்த்துத் திருத்தப்பட்டவை, ஈயோடு நின்றன. யார் எந்த வாசலால் வந்தார் என்பதுதான் கேள்வி, அதை வாசலில் நின்று பார்த்தவர் இப்போது யாரும் இல்லை. இன்னும் ஒரு வேடிக்கை: ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதில் ஏ, அதே ரெசிஸ்டிலிருந்து வந்த ‘இர்ரெசிஸ்டிபிள்’ என்பதில் ஐ. ஒரு வீட்டுக்குள்ளேயே இப்படி. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை, செய்தேன்.

சுதந்திர தினப் பதாகைகளில் அடிக்கடி பிழையாகும் ‘இன்டிப்பென்டன்ஸ்’ என்பதும் இந்த நிரவலின் பலிதான். பிரெஞ்சில் இன்றைக்கும் அதற்கு ஏ, ஆங்கிலத்தில் ஈ. ஏ போட்டு எழுதுகிறவர் தெரியாமலே பிரெஞ்சு எழுதுகிறார்.

வாலுக்குச் சட்டம் எப்படி வருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கிண்ணியா பஸ்ஸில் ஏறுங்கள். டிரைவர், கொண்டக்டர். தமிழில் இரண்டுக்கும் ‘அர்’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் முன்னால் இருப்பவருக்கு ஈ-ஆர், பின்னால் காசு வாங்குபவருக்கு ஓ-ஆர். ‘டிரைவ்’ ஆங்கிலத்தின் சொந்த மண் வினை, அந்த மாதிரி வினைகளுக்கு ஈ-வால்: டீச்சர், ரைட்டர், ஹெல்ப்பர். ‘கொண்டக்ட்’ லத்தீன் வாசலால் வந்தது, ‘சீ-டி’ என்று முடிகிற அந்த வகை வினைகள் ஓ-வாலை விரும்பும்: இன்ஸ்பெக்டர், டிரெக்டர், கொன்ட்ராக்டர், இன்ஸ்ட்ரக்டர். ‘ஏட்’ என்று முடிகிற வினைகளுக்கும் ஓதான், ஒப்பரேட்டர், நேவிகேட்டர் என்று. இடைவழியில் டிக்கெட் பார்க்க ஏறுகிற இன்ஸ்பெக்டர் கொண்டக்டரின் ஆள், எழுத்திலும்கூட.

‘ஐஸ்’ என்று ஒலிக்கும் வாலில் எஸ்ஸா இசட்டா என்ற பிரச்சினை வேறு ரகம், அங்கே பிழை குறைவு, குழப்பம் கூட. 2004 சுனாமிக்குப் பிறகு நம் ஊர் வீதிகளில் நிறுவனப் பெயர்ப்பலகைகள் நிறைய முளைத்தன அல்லவா, உள்ளூர்ச் சங்கங்களின் பலகைகளில் பெரும்பாலும் ‘ஓர்கனைசேஷன்’ எஸ்ஸோடு இருந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் அதே சொல் இசட்டோடு இருந்தது. அது அமெரிக்க எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கர்கள் இசட் எழுதுவது உண்மைதான், ஆனால் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்களும் இசட்தான் எழுதுகிறார்கள், ஐக்கிய நாடுகள் அமைப்பும் அதைத்தான் பின்பற்றுகிறது. அவர்கள் நியாயம், இந்த வால் கிரேக்க மொழியில் பிறந்தது, அங்கே அது இசட் ஒலி. எஸ் எழுதுகிறவர்கள் பிரெஞ்சு வழக்கைப் பிடித்துக்கொண்டவர்கள், பிரித்தானியாவில் பரவலாக இருப்பது அது, நமக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததும் அதுவே. இரண்டும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் பொறி ஒன்று உண்டு. ‘சுப்பர்வைஸ்’, ‘ரிவைஸ்’, ‘எக்ஸசைஸ்’ ஆகியவற்றில் யாரும் எந்த நாட்டிலும் இசட் போடுவதில்லை. அவற்றில் அது கிரேக்க வால் அல்ல, வேரின் ஒரு துண்டு. சுப்பர்வைஸில் இருக்கும் ‘வைஸ்’, விசிபிளில் இருக்கும் ‘விஸ்’, டெலிவிஷனில் இருக்கும் ‘விஷ’, எல்லாம் பார்த்தல் என்ற அதே வீதேரேதான். ‘சைஸ்’ என்ற சொல்லுக்கு எதிர்மாறாக எப்போதும் இசட், அதை யாரும் பிழையாக எழுதி நான் கண்டதில்லை, சட்டைக் கழுத்தில் பார்த்துப் பழகிவிட்டது போல.

‘ஷன்’ என்ற வாலைச் சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். ஆளைக் குறித்தால் சீ-ஐ-ஏ-என், எலெக்ட்ரீஷியன், மியூசிஷியன் மாதிரி. வினை ‘மிட்’ என்று முடிந்தால் இரட்டை எஸ், பெர்மிட் போய் பெர்மிஷன். வினை ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தோடு ஈ சேர்ந்து முடிந்து ஒலி குழைந்தால் ஒற்றை எஸ், டிசைட் போய் டிசிஷன். மிச்சம் எல்லாவற்றுக்கும் இருபதாவது எழுத்தான டி என்று பந்தயம் கட்டலாம். ‘எக்ஸ்டென்ட்’ எஸ்ஸுக்கும் ‘இன்டென்ட்’ டிக்கும் பிரிந்து போவதற்குக் காரணம், அவற்றின் லத்தீன் தாய்க்கு இறந்தகால எச்சம் ‘தென்சும்’, ‘தென்தும்’ என்று இரண்டு விதமாக இருந்தது. குற்றம் நம் மேலும் இல்லை, ஆங்கிலேயர் மேலும் இல்லை.

கொம்பியூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுமே, இதெல்லாம் எதற்கு என்று கடைக்கு வருகிற பெடியள் கேட்கிறார்கள். நோட்டீஸ் வடிவமைத்த மென்பொருளில் எழுத்துப் பிழை பார்க்கும் வசதியை நான் திறந்தே வைக்கவில்லை, அது ஒன்று. இன்னொன்று, சில சோடிகளில் இரண்டும் அகராதியில் உள்ள சரியான சொற்கள், கோடு வரவே வராது. குடும்பத்தில் யாரையாவது நம்பி வாழ்கிறவரை ‘டிப்பென்டன்ட்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் பிரித்தானிய வழக்கில் ஏ, நம்பியிருக்கிற என்று பெயரடையாக எழுதினால் ஈ, அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஈ. விசாப் படிவத்தில் பிள்ளைகளின் பெயருக்கு மேலே நீங்கள் எதைப் போட்டாலும் கொம்பியூட்டர் பேசாமல் இருக்கும். பிரித்தானிய வழக்கில் ‘லைசென்ஸ்’ பெயர்ச்சொல்லானால் சீ, வினையானால் எஸ், ‘பிராக்டிஸ்’ அதே மாதிரி. இவற்றில் காது உதவாது, ஆனால் பக்கத்து வீட்டு ‘அட்வைஸ்’ உதவும்: பெயர்ச்சொல்லில் கடைசி ஒலி வன்மையாக, சீ, வினையில் இசட் போல இழுபடும், எஸ். லைசென்ஸை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து எழுதுங்கள்.

மொழி அமைப்பையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கொம்பியூட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலத்தில் வருகின்றன, சரியாக எழுதிய ‘ஓர்கனைசேஷன்’ எஸ்ஸுக்குச் சிவப்புக் கோடு விழும், அதைப் பார்த்துப் பயந்து இசட் ஆக்கிவிட்டு அடுத்த பக்கத்தில் எஸ் விட்டுவைத்த கடிதங்கள் வாரத்துக்கு இரண்டாவது என் மேசைக்கு வருகின்றன.